பீட்டில்ஸ் படங்களை எங்கே தொடங்குவது? மொட்டை மாடியில்

“பீட்டில்ஸ் பாட்டு நாலைந்து கேட்டிருக்கிறேன், பிடித்திருக்கிறது. அவர்களைப் பற்றிய படங்களைப் பார்க்க ஆசை. எதில் ஆரம்பிப்பது?” அறுபதுகளின் இங்கிலாந்து இசைக்குழுவான பீட்டில்ஸைப் பற்றி இப்படிக் கேட்பவர்களில் பலர் ஏற்கெனவே ஒருமுறை முயன்று கைவிட்டவர்கள். பெரும்பாலும் இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் ‘கெட் பேக்’ ஆவணப்படத்தைப் போட்டு, முதல் பாகம் பாதி ஓடும் முன்பே அணைத்திருப்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் படம் மூன்று பாகம், மொத்தம் 468 நிமிடம். நான்கு பேர் ஒரு பெரிய குளிர்ந்த கூடத்தில் உட்கார்ந்து அரைகுறைப் பாட்டுகளை வாசித்துப் பார்க்கிறார்கள், டீ குடிக்கிறார்கள், ரொட்டி தின்கிறார்கள், மறுபடி அதே வரியை வாசிக்கிறார்கள். அந்த நால்வரையும் முன்பே தெரிந்தவர்களுக்கு அதைவிடச் சுவையான படம் கிடையாது. தெரியாதவர்களுக்கு அது யாரோ வீட்டு ஒத்திகை.

அதனால் கால வரிசையை மறந்துவிடுங்கள். 1963, 1964 என்று வருடப்படி போனால் முதலில் உங்கள் காதில் விழுவது கூச்சல்தான், பாட்டு அல்ல. நான் சொல்லும் வழி தலைகீழானது. அவர்கள் கடைசியாக மக்கள் காதில் விழும்படி சேர்ந்து வாசித்த இடத்தில் தொடங்கி, அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்று பின்னால் நடந்து போக வேண்டும். இந்த வரிசையில் உட்காரவைத்த யாரும் பாதியில் எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

உட்காருவதற்கு முன்

ஹெட்போன் வேண்டும், அல்லது ஓரளவு நல்ல ஸ்பீக்கர். போன் ஸ்பீக்கரில் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டார் கேட்கவே கேட்காது. அது கேட்காவிட்டால் இந்தப் படங்களில் பாதி இல்லை.

ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள். நால்வரும் லிவர்பூல்காரர்கள். வார்த்தையை விழுங்கிப் பேசுவார்கள், ஒருவர் பேச்சுக்குள் இன்னொருவர் புகுவார், நடுவில் கிட்டார் வேறு. நாள் முழுக்க ஆங்கிலத்தில் புழங்குபவருக்கும் சப்டைட்டில் தேவைப்படும்.

யார் எது வாசிக்கிறார்கள் என்று கண்ணுக்குப் பழகட்டும். பால் இடக்கைக்காரர். அவருடைய பேஸ் கிட்டாரின் கழுத்து மற்ற இருவருடையதற்கு எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும். ஜான் லென்னன் பெரும்பாலும் தாளத்துக்கான கிட்டார், ஜார்ஜ் ஹாரிசன் முன்னணிக் கிட்டார். ரிங்கோ ஸ்டாரும் பிறவியில் இடக்கைக்காரர்தான், ஆனால் வலக்கைக்காரர்களுக்காக அடுக்கிய டிரம்ஸில் வாசிக்கிறார். ஒரு டிரம்மிலிருந்து அடுத்ததற்கு அவர் உருண்டு போகும் விதம் மற்றவர்களைப்போல இல்லாததற்கு அதுவும் ஒரு காரணம். இதைத் தெரிந்துகொண்டு அவர் கைகளைப் பாருங்கள், பார்வையே மாறிவிடும்.

முதல் படி: 1969 ஜனவரி 30, வியாழக்கிழமை

‘கெட் பேக்’ மூன்றாம் பாகத்தைப் போடுங்கள். அந்தப் படத்தில் ஒரு காலண்டரில் நாட்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருவார்கள். 30 வரும்வரை தள்ளிக்கொண்டு போங்கள். முன்கதை எதுவும் தேவையில்லை.

லண்டன், சாவில் ரோ தெரு, 3-ஆம் எண் கட்டடம். பீட்டில்ஸின் சொந்த நிறுவனமான ஆப்பிளின் அலுவலகம். மதிய உணவு நேரம், கடுங்குளிர். மொட்டை மாடியில் பலகை அடித்து, ஆம்ப்ளிஃபையர்களை மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஜான் தன் மனைவி யோகோவின் ரோமக் கோட்டைப் போட்டிருக்கிறார், ரிங்கோ தன் மனைவி மாரீனின் சிவப்பு மழைக்கோட்டை. காற்று மைக்கில் அடித்து இரைச்சல் வராமலிருக்க, அன்று உதவியாளராக இருந்த இளைஞர் ஆலன் பார்சன்ஸ் கடைக்குப் போய்ப் பெண்கள் அணியும் மெல்லிய காலுறைகளை வாங்கிவந்து மைக்குகளுக்கு மாட்டினார். ஒலி கம்பி வழியாகக் கீழே இறங்கி, அடித்தளத்திலிருந்த எட்டு டிராக் கருவியில் பதிவானது. இன்றைக்கும் அந்தப் பதிவு இவ்வளவு தெளிவாக இருப்பதற்கு அந்தக் காலுறைகளுக்கும் பங்கு உண்டு.

பத்துக் கேமராக்கள். ஐந்து மாடியில், ஒன்று எதிர்க்கட்டடத்தில், மூன்று தெருவில், ஒன்று கீழே வரவேற்பறையில் ஒளித்து வைத்தது. போலீஸ் கதவைத் தட்டும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தப் பத்தாவது கேமரா. எதிர்பார்த்தபடியே போலீஸ் வந்தது. இளம் கான்ஸ்டபிள் ஒருவர் வரவேற்பறையில் நின்று புகார்கள் வந்து குவிவதைப் பொறுமையாகச் சொல்ல, வரவேற்பறைக்காரர்கள் அதைவிடப் பொறுமையாக நேரம் கடத்துகிறார்கள். ஜாக்சன் திரையைப் பிரித்து, மேலே பாட்டும் கீழே போலீஸும் ஒரே சமயத்தில் ஓடவிடுகிறார்.

மொத்தம் 42 நிமிடம். பாட்டுகள் ஐந்துதான், சிலவற்றை இரண்டு மூன்று முறை வாசிக்கிறார்கள். இதைப் பல தடவை பாருங்கள் என்று சொல்வேன். முதல் தடவை முகங்களை. ஜானும் பாலும் ‘ஒன் ஆஃப்டர் 909’ பாடும்போது ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதைக் கவனியுங்கள். அது அவர்கள் பையன்களாக இருந்த காலத்தில் எழுதிய பாட்டு. இரண்டாவது தடவை ரிங்கோவை மட்டும். மூன்றாவது தடவை ஓரமாக உட்கார்ந்திருக்கும் ஐந்தாவது ஆளை. அவர் பில்லி பிரஸ்டன், அமெரிக்கர், 22 வயது, மின் பியானோ வாசிக்கிறார். அவர் யார், அங்கே எப்படி வந்தார் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

கடைசிப் பாட்டின்போது போலீஸ்காரர்கள் மாடிக்கே வந்துவிடுகிறார்கள். பீட்டில்ஸின் நீண்ட கால உதவியாளர் மால் எவன்ஸ் வேறு வழியில்லாமல் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களை அணைக்கிறார். ஜார்ஜ் திரும்பிப் பார்த்துத் தன்னுடையதை மறுபடி போட்டுக்கொள்கிறார். பால் பாட்டின் நடுவிலேயே, மறுபடி மாடியில் விளையாடிக்கொண்டிருக்கிறாய், உன் அம்மாவுக்குப் பிடிக்காது என்ற மாதிரி வரிகளைக் கட்டி அடிக்கிறார். அந்த ஒரு நிமிடத்தில் நால்வரின் குணமும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் நால்வரும் மக்கள் காதில் விழும்படி சேர்ந்து வாசிக்கவே இல்லை. உலகத்தின் எந்த அரங்கமும் கேட்டால் கிடைக்கும் நிலையில் இருந்தவர்கள் சொந்த அலுவலக மாடிக்கு ஏன் போனார்கள்? இனி பார்க்கும் எல்லாப் படங்களையும் இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இரண்டாம் படி: ஷே ஸ்டேடியம், ஒலி எங்கிருந்து வருகிறது

1965 ஆகஸ்ட் 15, நியூயார்க்கின் ஷே ஸ்டேடியம். பேஸ்பால் மைதானம், 55,600 பேர். ரான் ஹோவர்ட் 2016-இல் எடுத்த ‘எய்ட் டேஸ் எ வீக்’ ஆவணப்படம் அவர்களுடைய சுற்றுப்பயண ஆண்டுகளைச் சொல்கிறது, அதில் இந்தக் கச்சேரி வருகிறது. அந்தப் படம் திரையரங்குக்கு வந்தபோது ஷே கச்சேரியின் அரைமணி நேரத்தைப் புதுப்பித்துத் தனியாகவும் சேர்த்துக் காட்டினார்கள்.

அன்றைய ஏற்பாட்டை யோசித்துப் பாருங்கள். கிட்டார்களுக்கு 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள். பாட்டுக் குரல் போனது மைதானத்தில் ஆட்ட அறிவிப்புகளுக்காக வைத்திருந்த ஒலிபெருக்கிகள் வழியாக. இன்று நம் கல்யாண மண்டபத்து மெல்லிசைக் குழு கூட மேடையில் தங்கள் பக்கம் திருப்பி வைத்த ஸ்பீக்கரில் தங்கள் குரலைக் கேட்டுக்கொண்டுதான் பாடும். அவர்களுக்கு அது இல்லை. தான் என்ன பாடுகிறோம் என்று தனக்கே கேட்காது. மற்றவர்கள் பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்பதை முன்னால் நிற்பவர்களின் தலையும் இடுப்பும் ஆடுவதைப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன் என்று ரிங்கோ சொல்லியிருக்கிறார். அதை மனதில் வைத்துப் பார்த்தால் அவர்கள் சுருதி விலகாமல் மூவராகச் சேர்ந்து பாடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கடைசிப் பாட்டில் ஜான் ஆர்கனை முழங்கையால் இழுத்து வாசிப்பதையும், ஜார்ஜ் சிரிப்பை அடக்க முடியாமல் தவிப்பதையும் தவறவிடாதீர்கள். எப்படியும் யாருக்கும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்த மனிதர்களின் சந்தோஷம் அது.

இங்கே புதியவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. ஷே கச்சேரி முதலில் தொலைக்காட்சிப் படமாக வந்தது. அதை ஒளிபரப்பும் முன், 1966 ஜனவரியில் நால்வரும் லண்டன் ஸ்டுடியோ ஒன்றுக்குப் போய்ச் சில பாட்டுகளை மறுபடி பாடி வாசித்து ஒலியைச் சரிசெய்தார்கள். ரிங்கோ பாடும் பாட்டுக்கு இசைத்தட்டில் இருந்த பதிவையே வைத்தார்கள். அதாவது படம் நியூயார்க், ஒலியில் ஒரு பகுதி லண்டன். இதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். மைதானத்துப் பதிவு அந்த நிலையில் இருந்தது. ஆனால் எந்தக் குழுவின் கச்சேரிப் படத்தைப் பார்த்தாலும் ‘இந்த ஒலி எந்த இடத்தில், எந்த நாளில் பதிவானது?’ என்று கேட்கும் பழக்கத்தை ஷேயில் தொடங்குங்கள். பாடுபவர் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பும்போது குரல் குறைகிறதா, டிரம்ஸ் குச்சி படும் நொடியும் சத்தம் வரும் நொடியும் ஒன்றா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். மாடிக் கச்சேரியில் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். அங்கே எல்லாம் அதே நொடியில், அதே குளிரில் நடந்தது.

ஹோவர்டின் படத்தில் எனக்கு முக்கியமான பகுதி இன்னொன்று இருக்கிறது. 1964-இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து உட்காரவைத்தால் வாசிக்கமாட்டோம் என்று நால்வரும் உறுதியாக நின்றார்கள். அன்று கூட்டத்தில் இருந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர், பின்னாளில் வரலாற்று ஆய்வாளரானவர், அதை நினைவுகூர்கிறார். அந்தப் பேட்டியை வேகமாகத் தள்ளிவிடாதீர்கள்.

சுற்றுப்பயணம் 1966 ஆகஸ்ட் 29-இல் சான் பிரான்சிஸ்கோவில் முடிந்தது. அந்தக் கச்சேரியை முறையாகப் படம்பிடிக்க யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பால் கேட்டுக்கொண்டதால் அவர்களுடைய பத்திரிகைத் தொடர்பாளர் டோனி பாரோ கையடக்கக் கருவியைத் தூக்கிப்பிடித்துக் கேசட்டில் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்கு அரைமணி நேரம். கடைசிப் பாட்டு முடியும் முன்பே நாடா தீர்ந்துவிட்டது. மாடிக்குப் போனதற்கான பாதிக் காரணம் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

மூன்றாம் படி: ரயிலில் நால்வர்

1964 பிப்ரவரி 7-இல் அவர்கள் முதன்முதலாக நியூயார்க்கில் இறங்கியபோது ஆல்பர்ட் மேய்ஸல்ஸ், டேவிட் மேய்ஸல்ஸ் என்ற சகோதரர்கள் கூடவே இருந்தார்கள். அண்ணன் தோளில் கேமரா, தம்பி கையில் ஒலிப்பதிவுக் கருவி. விளக்கு இல்லை, பேட்டி இல்லை, விவரிக்கும் குரல் இல்லை. ஹோட்டல் அறை, கார், ரயில் என்று பின்னாலேயே போகிறார்கள். அந்தக் காட்சிகள் பல வடிவங்களில் வந்திருக்கின்றன. இப்போது எளிதாகக் கிடைப்பது மார்ட்டின் ஸ்கார்சேஸி தயாரித்து டேவிட் டெடெஸ்கி இயக்கி 2024-இல் வந்த ‘பீட்டில்ஸ் 64’.

இதில் ஒரு காட்சியை நான் யாருக்குப் போட்டுக்காட்டினாலும் அமைதியாகிவிடுவார்கள். பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பீட்டில்ஸ். அமெரிக்காவில் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்த நிகழ்ச்சி. ஸ்டுடியோவுக்குள் படம்பிடிக்க மேய்ஸல்ஸ் சகோதரர்களுக்கு அனுமதி இல்லை. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அருகில் ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் போய், அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள் டிவி பார்ப்பதைப் படம்பிடித்தார்கள். மேடையில் பாட்டு நடக்கிறது, கேமரா கேட்பவர்களின் முகத்தில் நிற்கிறது. அந்தப் பிள்ளைகளின் கண்ணில் தெரிவதை எந்த மேடைக் காட்சியும் காட்டியதில்லை.

இரண்டு நாள் கழித்து வாஷிங்டனில் முதல் அமெரிக்கக் கச்சேரி. பனி கொட்டியதால் ரயிலில் போனார்கள், அந்த ரயில் பயணமே ஒரு தனிப்படம். கச்சேரி மேடை குத்துச்சண்டை மேடை போல அரங்கத்தின் நடுவில் இருந்தது. நாலா பக்கமும் ஆட்கள் என்பதால் சில பாட்டுகளுக்கு ஒருமுறை மைக்கை நகர்த்தி, ரிங்கோவின் டிரம்ஸ் மேடையை ஆள் வைத்துத் திருப்ப வேண்டும். ரிங்கோவே இறங்கித் தள்ளுகிறார். அந்த இரவில் அவர்கள் வாசித்த வேகத்தைப் பார்த்தால், கூச்சல் எப்போதும் சுமையாக இருந்ததில்லை என்பதும் புரியும். ஆரம்பத்தில் அது எரிபொருளாகவும் இருந்திருக்கிறது.

நேரம் இருந்தால் அதே ஆண்டு வந்த ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ கதைப்படத்தையும் இந்த இடத்தில் பாருங்கள். ரிச்சர்ட் லெஸ்டர் இயக்கியது, கறுப்பு வெள்ளை. அது நடிப்புதான், ஆனாலும் ரயில், ஹோட்டல், ஓட்டம் எல்லாம் நீங்கள் இப்போது பார்த்த நிஜத்திலிருந்து வந்தவை. அடுத்தடுத்து வைத்துப் பார்க்க அருமையாக இருக்கும். மற்ற கதைப்படங்கள் இப்போதைக்கு வேண்டாம்.

நான்காம் படி: ஒரே சுருள், இரண்டு படம்

இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்வதற்காகத்தான்.

1969 ஜனவரி மாதம் முழுக்க இயக்குநர் மைக்கேல் லிண்ட்சே ஹாக் பீட்டில்ஸைப் படம்பிடித்தார். ஜனவரி 2-இல் டுவிக்கன்ஹாம் படப்பிடிப்பு அரங்கில் தொடக்கம், 21-லிருந்து ஆப்பிள் கட்டடத்தின் அடித்தளம், 30-இல் மாடி. கிட்டத்தட்ட 60 மணி நேரப் படச்சுருள், 150 மணி நேர ஒலிநாடா. அதிலிருந்து 1970 மே மாதம் வந்தது ‘லெட் இட் பி’, சுமார் 80 நிமிடம். அதே சுருளிலிருந்து 51 ஆண்டு கழித்து, 2021-இல், ஜாக்சன் எடுத்தது ‘கெட் பேக்’, ஏறக்குறைய எட்டு மணி நேரம்.

முதல் படம் திரைக்கு வருவதற்குச் சில வாரம் முன்புதான், 1970 ஏப்ரலில், குழு உடைந்த செய்தி வெளியானது. பார்க்கப் போனவர்கள் இழவு வீட்டுக்குப் போகிற மனதோடு போனார்கள். பாலும் ஜார்ஜும் கிட்டார் வாசிப்பது பற்றி உரசிக்கொள்ளும் ஒரு சிறு பேச்சு அதில் இருக்கிறது. நீ சொல்வதை வாசிக்கிறேன், வாசிக்க வேண்டாம் என்றால் வாசிக்கவும் மாட்டேன் என்கிறார் ஜார்ஜ். அந்த ஒரு காட்சியே மொத்தப் பிரிவுக்கும் சாட்சியாகிவிட்டது. நால்வரில் ஒருவர் கூட முதல் காட்சிக்கு வரவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் வீடியோவாக வந்து மறைந்த பிறகு நாற்பது ஆண்டுக்கு அது முறையாகக் கிடைக்கவே இல்லை.

நான் அதை முதலில் பார்த்தது ஒரு கடையில் வாங்கிய நகல் குறுந்தட்டில். படம் முழுக்க சாணி நிறத்தில் இருந்தது. முகங்கள் நிழலாகத் தெரிந்தன, ஒலி கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இது சோகமான படம், இருண்ட படம் என்று நானும் பல வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். 2024 மே 8-இல் டிஸ்னி பிளஸ் தளத்தில் புதுப்பித்த பிரதி வந்தபோது பார்த்தால் டுவிக்கன்ஹாமில் ஊதாவும் பச்சையும் சிவப்புமாகச் சுவரெல்லாம் வண்ண விளக்கு. ஜானும் யோகோவும் சுற்றிச் சுற்றி நடனமாடுகிறார்கள், பால் சிரிக்கிறார். நான் பார்த்த இருட்டில் பாதி நகலெடுத்தவர்களுடையது. அதனால்தான் சொல்கிறேன், நல்ல பிரதி கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். கிடைத்ததைப் பார்த்துவிட்டு ஒரு படத்துக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

இப்போது இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ‘கெட் பேக்’ சந்தோஷமான படம், ‘லெட் இட் பி’ வருத்தமான படம் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் அந்த மாதத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி, ஜனவரி 10 அன்று ஜார்ஜ் குழுவை விட்டு எழுந்து போனது, வருத்தமான படத்தில் இல்லவே இல்லை. சந்தோஷமான படத்தில்தான் இருக்கிறது. முதல் இயக்குநரின் கையில் அந்தக் காட்சிகள் இருந்தன. படம் பீட்டில்ஸின் சொந்தத் தயாரிப்பு, அதை வெளியே காட்ட அன்று அவர்களுக்கு மனமில்லை. காரணத்தைச் சொல்லாமல் விளைவை மட்டும் காட்டியதால், பார்த்தவர்களுக்குக் காற்றில் ஏதோ புளிப்பு மட்டும் தெரிந்தது. ஜாக்சன் சண்டையையும் சமாதானத்தையும் சேர்த்தே காட்டுகிறார், அதனால் மனது லேசாகிறது. ஆவணப்படம் என்றால் நடந்ததை அப்படியே காட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இந்த இரண்டு படங்களும்தான் படத்தொகுப்பு என்றால் என்ன என்று கற்றுக்கொடுத்தன.

ஐந்தாம் படி: எட்டு மணி நேரத்தை எப்படிக் கடப்பது

இப்போது ‘கெட் பேக்’ முதல் பாகத்துக்கு வாருங்கள். மூன்று வார இறுதி வைத்துக்கொள்ளுங்கள், வாரம் ஒரு பாகம். ஒரே மூச்சில் வேண்டாம். அவர்களுக்கு அது ஒரு மாதம், உங்களுக்கும் கொஞ்சம் இடைவெளி வேண்டும்.

சலிப்பு வரும். அந்தச் சலிப்பும் படத்தின் பகுதிதான். அதன் நடுவில்தான் அது நடக்கும்: ஜனவரி 7 காலை, ஜான் இன்னும் வரவில்லை. பால் பேஸ் கிட்டாரை மடியில் வைத்து ஒரே சுருதியை டக் டக்கென்று தட்டிக்கொண்டிருக்கிறார். எதிரே ஜார்ஜ் கொட்டாவி விடுகிறார், ரிங்கோ வெறித்துப் பார்க்கிறார். பாலின் வாயில் வார்த்தையே இல்லாத முனகல். முனகல் மெல்ல ஒரு மெட்டாகிறது. ரிங்கோ கைதட்டத் தொடங்குகிறார், ஜார்ஜ் கிட்டாரை எடுக்கிறார். சில நிமிடத்தில் நீங்கள் மாடியில் கேட்ட அதே ‘கெட் பேக்’ பாட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது. ஒரு பாட்டு இல்லாமையிலிருந்து இருப்புக்கு வருவதை வெட்டில்லாமல் பார்ப்பது இதுதான். மாடியை முதலில் பார்க்கச் சொன்னதற்கு முக்கியமான காரணம் இந்தக் காட்சி. பாட்டை முன்பே தெரிந்திருந்தால்தான் அந்த முனகலில் அது எட்டிப்பார்க்கும் நொடியில் சிலிர்க்கும்.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை. அன்று அறையில் நடந்ததெல்லாம் ஒற்றை டிராக் நாடாவில்தான் பதிவானது. குரல், கிட்டார், டிரம்ஸ் எல்லாம் ஒரே கலவை. கேமராவுக்குக் கேட்காமல் பேச நினைத்தால் அவர்கள் கிட்டாரைச் சத்தமாக மீட்டிக்கொண்டே பேசுவார்களாம். ஜாக்சனின் குழு கணினிக்குப் பயிற்சி கொடுத்து அந்தக் கலவையைப் பிரித்தது. கிட்டாரை நீக்கினால் அடியில் மறைத்த பேச்சு வெளியே வருகிறது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு அவர்களின் ரகசியம் நம் காதுக்கு வருகிறது என்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. இரண்டாம் பாகத்தில் இன்னும் ஒருபடி மேலே. சாப்பாட்டு அறையில் பூந்தொட்டிக்குள் ஒளித்து வைத்த மைக்கில், ஜார்ஜ் போனதைப் பற்றி ஜானும் பாலும் பேசுவது பதிவாகியிருக்கிறது. திரையில் முகம் இல்லை, எழுத்து மட்டும் ஓடும். ஜார்ஜின் மனக்காயத்துக்கு நாம் மருந்தே போடவில்லை என்ற பொருளில் ஜான் பேசுகிறார். அந்தச் சில நிமிடம் சப்டைட்டிலை இரண்டு முறை படியுங்கள்.

ஜார்ஜ் திரும்பி வந்து, இடமும் மாறிய பிறகு, ஜனவரி 22 அன்று பில்லி பிரஸ்டன் சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வருகிறார். 1962-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் அமெரிக்கப் பாடகர் லிட்டில் ரிச்சர்டின் குழுவோடு வந்த சிறுவனாக அவரை இவர்களுக்குத் தெரியும். மின் பியானோவில் உட்கார்ந்து இரண்டு வரி வாசிக்கிறார், அறையின் முகமே மலர்கிறது. வெளியாள் ஒருவர் முன்னால் மரியாதையாக நடந்துகொள்வது குடும்பங்களுக்குப் பழக்கம்தானே. அதுவும் நடந்தது, இசையும் நிமிர்ந்தது.

லிபியாவில் கடற்கரையோர ரோமானிய அரங்கத்தில் கச்சேரி வைக்கலாம் என்றெல்லாம் பேசிப் பேசி, கடைசியில் ஐந்து மாடி ஏறினால் போதும் என்று முடிவாகிறது. அதற்குப் பிறகு 30-ஆம் தேதியை மறுபடி பாருங்கள். முதல் தடவை பார்த்த அதே 42 நிமிடம்தானா என்று தோன்றும்.

ஆறாம் படி: ‘ஆந்தாலஜி’

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1995-இல் தொலைக்காட்சித் தொடராக வந்தது, பிறகு எட்டுப் பகுதியாக விரிந்தது, 2025 நவம்பரில் புதுப்பித்து ஒன்பதாவது பகுதியும் சேர்த்தார்கள். பிறப்பு முதல் பிரிவு வரை அவர்களே சொல்லும் கதை. தகவலுக்கு இதைவிட நல்ல இடமில்லை. ஆனால் சொல்பவர்கள் அவர்களே என்பதால் எதைச் சொல்வது, எதை விடுவது என்பதும் அவர்கள் கையில். நான்காம் படியில் பழகிய கண்ணோடு பார்த்தால் விட்ட இடங்கள் தெரியும்.

ஏழாம் படி: ஜார்ஜின் பின்னால்

‘கெட் பேக்’ முழுக்க ஜார்ஜ் புதுப் பாட்டுகளோடு வருவதையும், மற்றவர்கள் அவற்றைத் தள்ளிவைப்பதையும் பார்த்திருப்பீர்கள். மாடிக்குப் போவதற்கு முந்தின நாள், என்னிடம் அடுத்த பத்து வருடத்துக்கான பாட்டு இருக்கிறது, தனியாக ஒரு தட்டு போடலாமா என்று ஜானிடம் கேட்கிறார். அந்த மனிதர் இரண்டரை ஆண்டில் எங்கே போய் நிற்கிறார் என்று பார்க்க ‘தி கான்சர்ட் ஃபார் பங்களாதேஷ்’ படத்துக்குப் போங்கள்.

1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். சிதார் கலைஞர் ரவிசங்கர் தன் நண்பரும் மாணவருமான ஜார்ஜிடம் உதவி கேட்டார். ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஒரே நாளில் இரண்டு கச்சேரி. படம் தொடங்கிச் சற்று நேரத்தில் ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா, கமலா சக்கரவர்த்தி நால்வரும் உட்கார்ந்து சுருதி சேர்க்கிறார்கள். முடித்ததும் அரங்கமே கைதட்டுகிறது. சுருதி சேர்ப்பதையே இவ்வளவு ரசித்தீர்கள், வாசிப்பை இன்னும் ரசிப்பீர்கள் என்று ரவிசங்கர் புன்னகையோடு சொல்கிறார். அந்தக் கூட்டத்தைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். தெரியாத இசைக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று தவித்த கைகள் அவை. அன்று வாசல் வசூலாக சுமார் 2,43,000 டாலர் யூனிசெஃபுக்குப் போனது. ரிங்கோவும் மேடையில் இருக்கிறார், பில்லி பிரஸ்டன் எழுந்து ஆடியே விடுகிறார்.

ஜார்ஜின் வாழ்க்கை முழுவதும் வேண்டுமென்றால் ஸ்கார்சேஸி 2011-இல் எடுத்த ‘லிவிங் இன் தி மெட்டீரியல் வேர்ல்ட்’ இருக்கிறது, மூன்றரை மணி நேரம். 1968-இல் பீட்டில்ஸ் ரிஷிகேஷில் கழித்த நாட்களுக்கு அஜோய் போஸின் ‘தி பீட்டில்ஸ் அண்ட் இந்தியா’. ஜார்ஜுக்கு இந்தியாவோடு இருந்த உறவு ரிஷிகேஷோடு முடியவில்லை. ரவிசங்கரின் ‘சாண்ட்ஸ் ஆஃப் இந்தியா’ இசைத்தொகுப்பை ஜார்ஜ் தயாரித்தபோது 1996-இல் அதன் ஒரு பகுதி பதிவானது சென்னையில்.

கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டியது ‘கான்சர்ட் ஃபார் ஜார்ஜ்’. அவர் இறந்து சரியாக ஓராண்டு, 2002 நவம்பர் 29, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால். முதல் பகுதியில் ரவிசங்கரின் மகள் அனுஷ்கா சங்கர், அப்பா இதற்கென்றே அமைத்த ‘அர்ப்பண்’ இசையை நடத்துகிறார். மேற்கத்திய வயலின்களுக்குப் பக்கத்தில் தபலாவும் மிருதங்கமும். ஹெட்போனில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தனியாகக் கேட்கும். இரண்டாம் பகுதியில் பில்லி பிரஸ்டன், ரிங்கோ, பால் எல்லோரும் வருகிறார்கள். ஜார்ஜின் மகன் தானி மேடையில் கிட்டாரோடு நிற்கிறார், அப்பாவின் அதே முகம். பால் குட்டிக் கிட்டார் போன்ற யுகுலேலேயை எடுத்து, ஜார்ஜ் எழுதிய ‘சம்திங்’ பாட்டைத் தனியாகத் தொடங்குகிறார். பாதிக்கு மேல்தான் டிரம்ஸும் கிட்டார்களும் சேர்கின்றன. அந்த இடம் வரும்போது சப்டைட்டிலை எடுத்துவிடுங்கள்.